ஸ்காட்லாந்து ஒரம்பரை

காலை ஐந்தரை மணிக்குக் கலாவதியின் கைபேசி காபிப்பொடி டப்பாவில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கும். அதில் படம் ஓடாது, பேச்சும் வராது. இரண்டு பெயர்கள், பெயருக்கு நேரே எண்கள், பந்து போடுகிறவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அவ்வளவுதான். துனீசியாவிலோ துருக்கியிலோ, பத்துப் பேர்கூடப் பார்க்க வராத ஏதோ ஒரு மைதானத்தில் பின்லே டாரன்ஸ் என்கிற ஸ்காட்லாந்துப் பையன் டென்னிஸ் ஆடிக்கொண்டிருக்கிறான் என்பதற்கு அந்தப் புள்ளிதான் அத்தாட்சி. இங்கே டெக்சஸில், சுகர் லேண்டில், இட்லித் தட்டில் மாவு ஊற்றுகிற கை, புள்ளி இடம் மாறும்போதெல்லாம் ஒரு கணம் நின்று பிறகு ஊற்றும்.

ஆட்டம் இக்கட்டான இடத்துக்கு வந்துவிட்டால் கலாவதி கைபேசியைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, பின்கட்டுக் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். "நான் பாத்தா அவன் தடுமார்றானுங்க" என்பார். மூன்று வருஷமாக அந்தச் செடிக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் போகிறது. நியாயமாகப் பார்த்தால் அது அழுகியிருக்க வேண்டும். வேலி உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது.

ஐந்தடி உயரம், ஐம்பத்து நான்கு வயது, சொந்த ஊர் உடுமலைப்பேட்டைப் பக்கம். ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனை லேபில் இருபத்திரண்டு வருஷமாக ரத்தம் எடுக்கிறார். ஊசி போனதே தெரியவில்லை என்று நோயாளிகள் சொல்வார்கள். தெரியாததற்குக் காரணம் கைத்திறன் பாதி, பின்லே பாதி. நரம்பைத் தடவித் தேடும்போதே, பையன் இந்த வாரம் துருக்கியில் இருக்கிறான், முதல் செட்டைக் கோட்டைவிட்டுவிட்டான் என்று ஆரம்பித்துவிடுவார். இரண்டாவது செட் முடிவதற்குள் நாலு குழாய் நிரம்பிவிடும். கேட்பவர்கள் சொந்தப் பிள்ளை என்றே நினைத்துக்கொள்வார்கள், கலாவதியும் திருத்தமாட்டார். ஒருமுறை ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பையன் என்ன உயரம் என்று கேட்டார். ஆறடி நாலு அங்குலம் என்றதும் கலாவதியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

சொந்தப் பிள்ளை சபரி சியாட்டிலில் வேலை பார்க்கிறான். அவனுக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஸ்கூலில் தானும் டென்னிஸ் ஆடியதாகவும், அம்மா ஒருநாளும் வந்து பார்த்ததில்லை என்றும் போனில் புலம்புவான். "நீ ரெண்டு மாசம் ஆடுன. மூணாவது மாசம் ராக்கெட்ட பஸ்ஸுல உட்டுட்டு வந்துட்ட" என்று கலாவதி வாயை அடைத்துவிடுவார்.

இத்தனைக்கும் அந்த ஆட்டத்தின் விதிகள் முழுசாகத் தெரியாது. பதினைந்து, முப்பதுக்கு அப்புறம் ஏன் நாற்பது என்று கணவர் சேனாபதியைக் கேட்டிருக்கிறார். பைப்லைன் கம்பெனியில் இன்ஜினியராக இருக்கும் சேனாபதி கிரிக்கெட் ஆள். நாற்பத்தைந்து என்று சொல்ல வெள்ளைக்காரனுக்குச் சோம்பல் என்று விளக்கம் கொடுத்தார். அந்த விளக்கமே கலாவதிக்கு இன்றுவரை போதுமானதாக இருக்கிறது.

இந்தியக் கடையில் கொடுத்த காலண்டர் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. பின்லே ஜெயித்த நாளில் பென்சிலால் 'ஜெ' என்று எழுதுவார். தோற்ற நாளில் எழுத்து கிடையாது, சின்னதாக ஒரு புள்ளி மட்டும். தோல்வியை எழுதி வைத்தால் அது அங்கேயே குடியேறிவிடும் என்பது அவர் எண்ணம். அதே காலண்டரில் ராகுகாலத்தைப் பார்த்து, அதைத் துனீசிய நேரத்துக்கு மாற்ற ஒருமுறை கணக்குப் போட்டார். ராகு எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்ப்பான் என்று சேனாபதி கேட்டதிலிருந்து அதை மட்டும் விட்டுவிட்டார்.

யாரோ ஒரு ஸ்காட்லாந்துப் பையனுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டால், மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமைக்குப் போக வேண்டும்.

சின்னச் சின்னப் போட்டிகளில் ஆடுகிற இளைஞர்களுக்கு ஹோட்டல் கட்டுப்படியாகாது. உள்ளூர்க் குடும்பங்கள் ஒரு வாரம் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். லேபில் உடன் வேலை செய்பவர் கேட்டார், சபரி அறை காலியாகத்தானே கிடக்கிறது என்று கலாவதியும் தலையாட்டிவிட்டார். வந்து இறங்கியவனுக்குப் பத்தொன்பது வயது. தோளில் ராக்கெட் பை, காதுவரை வெயில் சிவப்பு. கட்டிலில் படுத்தால் கால் ஒரு முழம் வெளியே நீண்டது. ஊருக்குப் போகிற பெரிய பெட்டியைக் கட்டிலின் முனையில் நிறுத்தி, மேலே தலையணை வைத்து நீட்டித்தார் கலாவதி. கோவைப் பக்கத்தில் வீட்டுக்கு வரும் விருந்தாளியை ஒரம்பரை என்பார்கள். ஒரம்பரை கால் தொங்கத் தூங்கினால் வீட்டுக்கு ஆகுமா?

பையன் தகுதிச் சுற்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தான். முதல் சுற்றையும் ஜெயித்தான். செவ்வாய் மாலை தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து சாப்பிடுகிற முறை கலாவதி வீட்டில் வந்தது. முப்பது பேர் வந்தார்கள், முப்பது பேரும் அவனை அண்ணாந்து பார்த்தார்கள். எதிர்வீட்டு விசாலாக்ஷி கூடத்தின் நடுவில் நின்று, "என்ன உயரம், என்ன கலர்! இவன் பெரிய ஆளா வருவான் பாருங்கோ" என்று உரக்கச் சொல்லிவிட்டார். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது. கலாவதிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆட்டத்துக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தபோது, பையனைச் சமையலறையில் கிழக்குப் பார்த்து ஸ்டூலில் உட்காரவைத்தார். அந்த வீட்டில் கிழக்கே இருப்பது ஃபிரிட்ஜ். கைநிறைய உப்பு, வரமிளகாய், கடுகு, வாசலில் கிள்ளிய மண் என்று மூன்று சுற்றுச் சுற்றி, காய்ந்த இரும்புச் சட்டியில் போட்டார். திருஷ்டி இருந்தால் மிளகாய் நெடி வராது, இல்லாவிட்டால் வரும் என்பது சாஸ்திரம். வந்தது. தெருவுக்கே வந்தது. கூரையில் இருந்த புகை அலாரம் வீறிட்டது, ஐந்து நிமிஷத்தில் தீயணைப்பு வண்டி வாசலில் நின்றது. பையன் கண் இரண்டும் தக்காளியாக, புல்தரையில் குந்தி இருமிக்கொண்டிருந்தான். தலைக்கவசம் போட்ட ஆள் ஒருவர் சட்டியை எட்டிப் பார்த்து, இது என்ன சமையல் என்று தயவாகக் கேட்டார்.

அன்று அவன் ஆறு-இரண்டு, ஆறு-ஒன்று என்று தோற்றான். தன் கையால் போட்ட பந்தே ஒன்பது முறை பிசகியது. ஊருக்குக் கிளம்பும்போது கலாவதியைக் குனிந்து கட்டிக்கொண்டு, தோற்றதற்கும் புகைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னான். தன் அப்பா கடலோர ஊரில் மீனைப் புகைபோட்டுப் பதப்படுத்துகிறவர், தான் புகையிலேயே வளர்ந்தவன் என்றும் சேர்த்துக்கொண்டான்.

"எனக்காவ பொய் சொன்னானுங்க" என்பார் கலாவதி, இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம். "திருஷ்டியே இல்லாத புள்ளைக்கு நாந்தேன் திருஷ்டியாட்டம் வந்து சேந்தேன். கண்ண மூடிக்க கண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலைங்களே."

போச்சாது, விடு என்று சேனாபதி சொல்லிப் பார்த்தார். விடவில்லை. அன்றைக்குக் கைபேசியில் ஏறிய பச்சைப் புள்ளி இன்றுவரை இறங்கவில்லை. உலக வரிசையில் அவன் ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தில் இருந்து எழுநூறுக்கு வந்ததும், நானூற்று எண்பதைத் தொட்டதும், மணிக்கட்டு உடைந்து மறுபடி தொள்ளாயிரத்துக்குச் சறுக்கியதும் அவருக்கு மனப்பாடம். மணிக்கட்டுக்கு மஞ்சள் பத்துப் போடச் சொல்லி அனுப்பினார், பையனும் போட்டான். மஞ்சளாகிப்போன படுக்கை விரிப்பைப் படமெடுத்து, அம்மா வீட்டைவிட்டுத் துரத்தப் பார்க்கிறாள் என்று எழுதினான். அந்த எட்டு மாதமும் அவன் அப்பாவின் புகைக்கூடத்தில் மீன் பிளந்துகொண்டிருந்தான். அப்போதுதான் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தான். இருபத்திரண்டு வயது முடிகிற வருஷம் வரை ஆடுவது, அதற்குள் பெரிய போட்டி ஒன்றின் தகுதிச் சுற்றுக்காவது நுழைய முடியாவிட்டால் ராக்கெட்டை மாட்டிவிட்டு மீனுக்கு வந்துவிடுவது.

அந்த வருஷம் இதுதான். இப்போது நவம்பர். அவன் இருநூற்று அறுபத்திரண்டில் நிற்கிறான். ஹூஸ்டன் பக்கத்தில் இந்த வாரம் நடக்கிற போட்டியில் இறுதி ஆட்டம்வரை போனால் இருநூற்று நாற்பதுக்குள் வந்துவிடுவான், ஜனவரியில் மெல்போர்னில் நடக்கிற பெரிய போட்டியின் தகுதிச் சுற்று ஆடலாம். போகாவிட்டால் மீன்.

இந்தப் போட்டிக்காரர்கள் நல்ல ஹோட்டலே கொடுக்கிறார்கள். ஆனாலும் மூன்று வாரம் முன்பு அவனிடமிருந்து செய்தி வந்தது, சபரியின் அறை காலியாக இருக்கிறதா என்று கேட்டு. லேபின் ஓய்வறையில் அதைப் படித்த கலாவதி, வா என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டுவிட்டு, பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து ஏழு பேருக்கு ரத்தம் எடுத்தார். பெட்டி மறுபடி கட்டில் முனைக்குப் போயிற்று.

அவன் வருவதற்கு முதல்நாளே வரமிளகாய் டப்பா அலமாரியின் மேல்தட்டில், பிரஷர் குக்கருக்குப் பின்னால் போய்விட்டது. வாரம் பூராவும் மிளகுதான். சாம்பாரில்கூட மிளகு. சேனாபதி மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். வியாழக்கிழமை பையன், முன்பு காரத்தில் தன்னை அழவைத்த சாப்பாடு எங்கே என்று கேட்டபோது, கறிவேப்பிலைச் செடி, காலண்டர் புள்ளி, குக்கருக்குப் பின்னால் போன மிளகாய் டப்பா என்று அத்தனையையும் சேனாபதி அவனிடம் கொட்டிவிட்டார். கொட்டும்போது தன் கைபேசியில் இருந்த அதே பச்சைப் புள்ளியையும் காட்ட வேண்டியதாயிற்று. ஆபீஸ் மீட்டிங்குகளில் மேஜைக்கு அடியில் தானும் இரண்டு வருஷமாகப் பார்த்துவருவதை ஒப்புக்கொண்டார்.

செவ்வாய் 'ஜெ'. வியாழன் 'ஜெ'. வெள்ளிக்கிழமை மாலை காலிறுதிக்குத் தமிழ்க் குடும்பங்கள் மூன்று வேனில் வந்து இறங்கின. அவன் கடைசிப் பந்தை அடித்து முடித்ததும் விசாலாக்ஷி எழுந்து நின்று, "எழுதி வச்சுக்கோங்கோ, இந்தக் கப் இவனுக்குத்தான்" என்றார். சுற்றிலும் கைதட்டினார்கள். கலாவதி மட்டும் தட்டவில்லை.

இன்று சனிக்கிழமை, அரையிறுதி. பதினோரு மணிக்கு ஆட்டம். ஒன்பதரைக்குக் கலாவதி சமையலறையில் அலமாரியைத் திறந்தார், மேல்தட்டைப் பார்த்தார், மூடினார். அடுப்பைத் துடைத்தார். மறுபடி திறந்தார். சுற்றிப்போட்டு ஏதாவது ஆகிவிட்டால் இந்த முறை மன்னிப்பே கிடையாது. சுற்றிப்போடாமல் ஏதாவது ஆகிவிட்டால் அதற்கும் கிடையாது. "ஏனுங்க, நா என்ன பண்றதுங்க?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டார். வாழ்நாளெல்லாம் எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்த சேனாபதி எழுந்து போய்க் கார் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

மாடியிலிருந்து பின்லே இறங்கி வந்தான். ராக்கெட் பையை வாசலில் வைத்தான். திறந்திருந்த அலமாரியையும் கலாவதியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குக்கருக்குப் பின்னால் கையை விட்டு மிளகாய் டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தான். எக்கி நின்று கூரையில் இருந்த அலாரத்தைத் திருகிக் கழற்றினான், பேட்டரியை உருவி டிராக் பேண்ட் பையில் போட்டுக்கொண்டான். நடையில் இருந்ததையும் போய்க் கழற்றிவிட்டு வந்தான். ஜன்னல்களைத் திறந்தான்.

ஸ்டூலை இழுத்து, ஃபிரிட்ஜைப் பார்க்கப் போட்டு, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். கலாவதி கைநிறைய உப்பை அள்ளும்வரை காத்திருந்துவிட்டு, அவர் சொல்வதற்கு முன்பே கண்களை இறுக மூடிக்கொண்டான்.