ஒற்றைக்காலனுக்கு வைத்த குங்குமம்

பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் அமுக்கும்போது எழும் வாசமும், வாடிய கொழுந்தின் வாசமும் சேர்ந்து வந்தால் அப்பா வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில், நாங்கள் "ஸ்டோரு" என்றழைத்த தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டிய பட்டறையில் அவர் கொல்லர். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பழைய வைஸ் ஒன்று, நீண்ட ஒரே காலைத் தரையில் ஊன்றி அங்கே நின்றது; தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் அது "ஒத்தக்காலன்". பிள்ளைகள் கிட்டே போனாலே அப்பா கத்துவார். ஆயுத பூசையன்று மட்டும் என்னைத் தூக்கிப் பிடித்து, அதன் திருகாணியில் குங்குமம் வைக்கச் சொல்வார்.

ஸ்டோரை மூடியதும் இரும்பெல்லாம் லொறியேறிப் போயிற்று. பிறகு சர்க்கரை வியாதியில் அப்பாவுக்குக் கண் போனது. அதற்காக ஒருநாளும் முனகாத மனுஷன், "ஒத்தக்காலன் எங்க கெடக்கோம்மா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். அதை ஒருமுறையாவது அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஹட்டனில் பழைய இரும்பு வாங்கும் முஸ்லிம் அண்ணன், எங்கள் பேச்சில் 'நானா', "தோட்டத்துச் சாமான் நெறைய வந்திச்சு தங்கச்சி, வெட்டினது போக ரெண்டுதான் மிச்சம்" என்று காட்டினார். செய்த கம்பனியின் எழுத்தைக்கூடத் துரு தின்றிருந்தது. ஆனால் ஒன்றின் திருகாணிப் பள்ளத்தில் சிவப்பு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், துரு இல்லை, குங்குமம். நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

ஆட்டோவில் கொண்டுவந்து வைத்ததும் அப்பா அதன் தாடையைத் தடவினார், கைப்பிடியைப் பற்றினார், வெகுநேரம் விடவில்லை. பிறகு, "இதுதாம்மா" என்றார்.

அம்மா என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "நம்ம ஒத்தக்காலனுக்குச் சதுரக் கம்பியிலதான் கைப்பிடி போட்டிருந்தாரு. அவரு கை காச்சுக் கெடக்குறதே அதாலதான். இது உருண்டைடி."

"அப்ப அப்பா ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"நீ அலைஞ்சல்ல, அதான்."

எந்தத் தோட்டத்துப் பட்டறையில்தான் ஆயுத பூசை இல்லை, எந்த வைஸில்தான் குங்குமம் இல்லை? அது எனக்கு உறைக்கவேயில்லை. மறுநாள் விடிந்ததும் ஹட்டனுக்கு ஓடினேன். மற்றதை வெட்டி ஏற்றிவிட்டிருந்தார்கள். அதன் கைப்பிடி சதுரமா என்றுகூட நான் பார்த்திருக்கவில்லை.

இப்போது அப்பா இல்லை. ஸ்டோரு இருந்த இடத்தில் மானாப்புல் மண்டிக் கிடக்கிறது. அந்த உருண்டைக் கைப்பிடிக்காரன் மட்டும் எங்கள் வாசலில் நிற்கிறான். ஆயுத பூசைக்கு அவனுக்குத்தான் பொட்டு. எந்தத் தோட்டத்தில் யார் பிடித்த வைஸோ, அந்த வீட்டிலும் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பாரோ என்று நினைக்கும்போது, குங்குமம் எடுத்த விரல் அப்படியே நின்றுவிடுகிறது.