பச்சை மூடி

வெள்ளிக்கிழமை காலையில் சித்தூர் டாக்ஸி ஸ்டாண்டில் எல்லாக் கார்களின் சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் நசுங்கும், கிருபாபாயின் கார் ஒன்றைத் தவிர. அவர் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர். அவருடைய டயர்களில் காற்றடிக்கும் வால்வுகளுக்குப் பச்சை மூடிகள் இருக்கும். உள்ளே சாதாரணக் காற்றுக்குப் பதில் நைட்ரஜன்.

“எங்களுக்கு எலுமிச்ச, உனுக்குப் பச்ச மூடி. ரெண்டும் ஒண்ணுதாம்மா,” என்பார் மூத்த டிரைவர் கோவர்த்தனன்.

கிருபாபாய் சிரித்துக்கொள்வார். ஆனால் அந்த மூடிகள் அவருக்கு விளையாட்டல்ல. பாகாலா வளைவில் டயர் வெடித்துத்தான் அவருடைய கணவர் ஆசிரின் கால் முறிந்தது. அதற்குப் பிறகு ஸ்டியரிங் இவர் கைக்கு வந்தது. நைட்ரஜன் அடித்தால் டயர் வெடிக்காது என்று யாரோ சொன்னதை நம்பித்தான் அந்த வளைவை அவரால் கடக்கவே முடிந்தது. பொங்கலுக்கு முன் நிரப்பியவர், அப்புறம் டயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, ஹரிதா என்ற பெண்ணை இன்டர்வியூவுக்காகத் திருப்பதிக்கு அழைத்துப்போனார். புத்தலப்பட்டில் வண்டி இடப்பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் முன் டயர் சப்பையாக உட்கார்ந்திருந்தது. எதிரிலேயே பாலையாவின் பஞ்சர் கடை. அவர் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். எங்கும் குமிழி வரவில்லை.

“ஆணி ஒண்ணும் இல்ல. ஆனா நைட்ரஜன் இக்கட லேதம்மா, இங்க கெடைக்காது. சாதா காத்துதான்.”

“அப்போ வேணாம். ரெண்டும் கலந்தா வெடிச்சிடும். திருப்பதில புடிச்சிக்கிறேன்.”

“இந்த டயர்லயா? பாகாலாகூட தாண்டாது.”

பின்சீட்டிலிருந்து ஹரிதா தலையை நீட்டினாள்.

“யக்கா, நாம இழுக்கற காத்துலயே முக்காவாசிக்கு மேல நைட்ரஜன்தான். கலந்தா வெடிக்கும்னா மொதல்ல நாமதான் வெடிக்கணும்.”

பாலையா சிரித்துவிட்டார். கிருபாபாய் சிரிக்கவில்லை.

“அப்போ எங்க வூட்டுக்காரருக்கு ஏன் வெடிச்சிது?”

பாலையா சிரிப்பை நிறுத்தினார். “எனுக்கு எப்டிம்மா தெரியும்? ஆனா காத்து கம்மியா ஓட்டிக்கினே போனா சூடு ஏறும், வெடிக்கும். நைட்ரஜன் கொஞ்சம் மெதுவா எறங்கும், அவ்ளோதான். எறங்காமலே இருக்காது. கடைசியா எப்போ அளந்தீங்க?”

பொங்கலுக்குப் பிறகு அவர் அளக்கவே இல்லை. ஆசிரும் அளந்து அவர் பார்த்ததில்லை. டயர் பக்கம் கையைக் காட்டி, “அடிங்க,” என்றார். “நாலையும் பாருங்க.”

கதவோரம் ஒட்டியிருந்த காற்றழுத்த அளவைப் படித்துச் சொல்லி, காற்று மீட்டரில் முள் அந்த எண்ணைத் தொடுவதைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டார்.

பாகாலா வளைவு வந்தது. கை வழக்கம்போல் இறுகியது. வண்டி நேராகப் போனது. ஹரிதா நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தாள். திரும்பும் வழியில் கிருபாபாய் காற்றை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டார்.

பச்சை மூடிகளை அவர் கழற்றி எறியவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் அவற்றைத் திருகி எடுத்து, நாலு டயரையும் அளந்துவிட்டுத்தான் கிளம்புகிறார். முதல் வாரம் கேலி செய்த கோவர்த்தனன் அடுத்த வாரம் எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு வந்து நின்றார்.

“எனுக்கும் ஒரு தபா பாரும்மா.”

கிருபாபாய் குனிந்து பார்த்தார். “அண்ணா, எலுமிச்சதான் உருண்டையா இருந்துச்சி. டயர்ல காத்து இருபத்தாறுதான் கீது, முப்பதுக்கு மேல இருக்கணும்.”

ஸ்டாண்டே சிரித்தது. கோவர்த்தனன் சவாரிக்குப் போகாமல், வண்டியைக் காற்றடிக்கும் இடத்துக்குத் திருப்பினார்.