யார் கொடுத்த அரை மாத்திரை?

ரத்தப் பரிசோதனைத் தாளில் இருந்த இரண்டு எண்களைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது: எனக்குத் தெரியாமல் வேறு யாரோ இந்த நாய்க்கு மாத்திரை கொடுக்கிறார்கள்.

கொல்கத்தாவின் டாக்குரியா பகுதியில் எங்கள் சந்துக்கே பொதுவான பழுப்பு நாய் அது. எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை, எல்லா வீட்டிலும் சாப்பாடு. மழைக்காலத்தில் தோலைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டபோது கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனவன் நான். தினம் காலையில் அரை ஸ்டீராய்டு மாத்திரை, அரிப்பு அடங்கியதும் வந்து காட்டு, குறைக்கலாம் என்றார். ஒரே வாரத்தில் அடங்கிவிட்டது. காட்டப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன். அதற்குள் அதன் வயிறு பானைபோல் தொங்கியது, முதுகில் முடி உதிர்ந்தது, தண்ணீர்ச் சட்டி மதியத்துக்குள் மூன்று முறை காலியானது.

மருத்துவர் அதை ஒரு நாள் கிளினிக்கிலேயே வைத்துக்கொண்டார். ரத்தம் எடுத்தார், ஓர் ஊசி போட்டார், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார். அந்த ஊசிக்கு அட்ரினல் சுரப்பி விழித்துக்கொண்டு கார்டிசால் சுரக்க வேண்டும். இரண்டு எண்ணும் ஒரே மாதிரி அடிமட்டத்தில் கிடந்தன.

"மாத்திரையா அந்த ஹார்மோனை வெளியிலேருந்து கொட்டினா, சுரப்பிக்கு உத்தரவு அனுப்பறதை மூளை நிறுத்திடும். சுரப்பி தூங்கிப் போச்சு," என்றார். "அரை மாத்திரைதான் கொடுக்கறியா?"

"சத்தியமா அரைதான்."

"அரைக்கு இவ்வளவு ஆகாதே."

"அப்போ இன்னிக்கே நிறுத்திடறேன்."

"திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. நிஜமா எவ்வளவு உள்ளே போகுதுன்னு கண்டுபிடிச்சிட்டு வா. அங்கேருந்துதான் மெல்ல இறக்கணும்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு பால்கனியில் உட்கார்ந்தேன். கீழ்வீட்டுப் பெங்காலிச் சித்தி, நாங்கள் காக்கிமா என்று கூப்பிடுபவர், அவர் மேல்தான் எனக்குச் சந்தேகம். பத்து மணிக்கு ஒரு சந்தேஷ் இனிப்போடு நாயிடம் வந்தார். அதைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிய விதமே சரியில்லை. நாலு நாலு படியாகத் தாவி இறங்கினேன்.

"காக்கிமா, உள்ளே என்ன வச்சீங்க?"

அவர் அசரவில்லை. பெங்காலியில் பொரிந்து தள்ளிவிட்டார். "என்னையா கேக்கறே? டாக்டர் சீட்டைப் படம் பிடிச்சு, அற்புத மருந்துன்னு நம்ம தெரு வாட்ஸ்அப் குரூப்புல போட்டது யாரு? உங்கம்மாகூடத்தான் தயிர்சாதத்துல வச்சுத் தர்றா. அவளைப் போய் மிரட்டு!"

போட்டது நான்தான். அதற்குப் பன்னிரண்டு பேர் இதய எமோஜி அனுப்பியிருந்தார்கள்.

மேலே போய்க் கேட்டேன். அம்மா சமையலறையிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆபீஸ் போற அவசரத்துல நீ மறந்திருப்பேன்னு கொடுத்தேன்டா."

"தினமுமா?"

"தினமும்தானே அவசரமா ஓடறே."

ஆக, என்னோடு சேர்த்து தினம் மூன்று அரை. ஆனால் இப்போது எனக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. அந்தப் பன்னிரண்டு இதயங்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். முனையில் இருக்கும் இஸ்திரிக்காரர், எதிர்வீட்டு ரிட்டையர்டு பேங்க் ஆபீசர், இரண்டாம் மாடி பாட்டு டீச்சர். குரூப்பில் கேட்டால் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நாய் செத்துவிடும் என்று சொன்னால் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்திவிடுவார்கள், அது அதைவிட மோசம்.

அதனால் நாளைக் காலை வீடு வீடாகப் போகப் போகிறேன். முதலில் இஸ்திரிக்காரர். குற்றம் சொல்லாமல், மாத்திரை தீர்ந்துவிட்டது, ஒன்று கடன் கிடைக்குமா என்று கேட்பேன். யார் வீட்டு மாத்திரை அட்டையில் எத்தனை குழி காலியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அப்படியே அட்டையையும் வாங்கி வந்துவிட வேண்டும். அப்புறம் மொத்த அளவையும் நான் ஒருவனே கொடுத்து, மருத்துவர் சொன்னபடி மெல்ல இறக்கலாம்.