மூணு நிமிஷம் ஆச்சுங்க, எக்ஸ்டெண்ட் பண்ணட்டுங்களா?

ஷிப்ட் முடிஞ்சு ஹெட்செட்டைக் கழட்டினா காது மடல் ரெண்டும் சுடும். தலைமுடியெல்லாம் அந்தக் கறுப்பு ரப்பர் வாசனை...

எண்பதுகளோட ஆரம்பம். திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல நான் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேசணும்னா ட்ரங்க் கால்தான், நாங்கதான் லைன் போட்டுத் தரணும். மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் நடுவுல போயி, "மூணு நிமிஷம் ஆச்சுங்க, எக்ஸ்டெண்ட் பண்ணட்டுங்களா?"னு கேக்கணும்.

அதனாலயே ஊருக்கே எங்க மேல சந்தேகம். தேரடித் தெருவுல பூ வாங்கப் போனா, பேசிக்கிட்டிருந்தவங்க கப்புனு வாயை மூடிப்பாங்க. "அந்தப் பொண்ணு வருது, அப்பறம் பேசலாம்..."

அட, எனக்கு வேற வேலையே இல்லியா!

எதிர் வீட்டு மல்லிகாவும் நானும் ஒண்ணா படிச்சவங்க. அவளுக்கு வேலூர்ல வரன் அமைஞ்சுது. கண்ணு பட்டுடும்னு தெருவுல யாருக்கும் சொல்லல. அவங்கப்பா மாப்பிள்ளை வீட்டோட பேசினதெல்லாம் போன்லதான். ஆக, விஷயம் தெரிஞ்சது அவங்க சொந்தத்துல நாலு பேருக்கு... அப்பறம் எனக்கு.

ஒரு நாள் அதே வேலூர் நம்பருக்கு வேற ஒருத்தர் கால் புக் பண்ணினாரு. மூணு நிமிஷம் ஆனதும் லைன்ல போனேன். "பொண்ணுக்கு வலிப்பு வருங்க, மறைக்கறாங்க"ன்னு காதுல விழுந்துது. பச்சைப் பொய்! அது எனக்கு நல்லா தெரிஞ்ச குரல். என் குரலைக் கேட்டதும் அவரு டக்குனு வெச்சிட்டாரு.

அந்த வாரமே கல்யாணம் நின்னுபோச்சு.

தண்ணிக் குழாய்கிட்ட, எல்லார் முன்னாடியும் மல்லிகாவோட அம்மா, "ஒட்டுக் கேட்டு என் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!"ன்னாங்க. மல்லிகா கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தா.

அந்தப் பேரைச் சொல்லியிருந்தா என் மேல விழுந்த பழி அன்னிக்கே போயிருக்கும். ஆனா லைன்ல கேட்டதை வெளிய சொல்ல மாட்டேன்னு வேலையில சேந்த அன்னிக்கே கையெழுத்து போட்டிருந்தேன். சொல்லல. அழுதுக்கிட்டே டூட்டிக்குப் போனேன். அவளுக்காகவாவது சொல்லியிருக்கணுமோன்னு இன்னிக்கும் உறுத்துது...

மல்லிகா அப்பறம் வேற நல்ல இடத்துல வாக்கப்பட்டா. என்கிட்ட மட்டும் பேசவே இல்ல.

போன மாசம் வேங்கிக்கால்ல ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில எனக்குப் பக்கத்துல வந்து உக்காந்தா. முடியெல்லாம் நரைச்சிடுச்சு. "இப்பவாவது சொல்லு... நீதான?"

எதிர் வரிசையில, அன்னிக்கு போன் பண்ணின அந்த ஆளு! இப்பத்தான் "மல்லிகாவுக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் போடுப்பா"ன்னு சத்தம் குடுத்தாரு. இப்ப வடையைக் கையில வெச்சிக்கிட்டு என்னையே பாக்கறாரு.

"நான் இல்ல மல்லிகா."

"பின்ன யாரு?"

"சாம்பார்ல உப்பு கம்மி"ன்னு இலையைப் பாத்துக் குனிஞ்சிக்கிட்டேன்.

இப்ப என் மருமக மிக்ஸி வாங்கலாமானு கேட்டா, கொஞ்ச நேரத்துல போன்ல மிக்ஸி விளம்பரம் வருது. அதை யாரும் சந்தேகப்படறதில்ல. தலைமாட்டுலயே வெச்சிக்கிட்டுத் தூங்கறோம்.

பேரெல்லாம் மாத்தித்தான் எழுதியிருக்கேன். அந்த ஆளு யாருன்னு கமெண்ட்ல கேக்காதீங்க.

கையெழுத்து போட்டிருக்கேன்.