செக்கரம்மாவின் குருவிகள்

என் அக்கா பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பார்கள். டிக்கெட் வாங்கியவர்களும்கூடத்தான். டிக்கெட் செக்கர் வேலை அவளுக்கென்றே செய்து வைத்தது. எல்லோருக்கும் அவள் செக்கரம்மா. முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் உண்டு.

ஒருமுறை சொந்த மாமியாரே டிக்கெட் இல்லாமல் அகப்பட்டார். யாரோ எவரோ என்பதுபோல அபராதம் எழுதிக் கையில் கொடுத்தாள். அப்புறம் அவரோடேயே இறங்கி, அவர் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வீடுவரை நடந்தாள். மாமியார் ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஏனோ, "அவ இருக்கிற பஸ்லதான் போவேன்" என்று ஆரம்பித்துவிட்டார்.

அப்படிப்பட்ட கறார் பேர்வழி உருகுவது ஃபிஞ்ச் குருவிகளிடம் மட்டும்தான். கொல்லைப்புறத்தில், ஆள் நின்று நடமாடும் அளவுக்குக் கூண்டு. உள்ளே கட்டைவிரல் பருமனில் குருவிகள், ஓயாத கீச்சுக் கீச்சு. வேலை முடிந்து வந்தால் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள்.

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அத்தானுக்குச் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச வராது. அவள் டூட்டிக்குப் போயிருந்தபோது துருப்பிடித்த பழைய வலையைப் பிரித்துவிட்டு, பளபளவென்று புது வலை அடித்து வைத்தார். அக்கா வந்து கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அன்று அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்குப் பிறகுதான் குருவிகள் சாகத் தொடங்கின. மாலையில் துள்ளிக்கொண்டிருந்தது காலையில் தரையில் கிடக்கும். காயமில்லை, ரத்தமில்லை. கால்நடை டாக்டரும், "வெளியில பாத்து ஒண்ணும் சொல்ல முடியலம்மா" என்றார். அக்கா விடுவாளா? பக்கத்து வீட்டுப் பூனை, தானியக் கடைக்காரர், கொசு மருந்து அடிப்பவர் என்று ஒருத்தர் விடாமல் குடைந்து எடுத்தாள். யார்மேலும் குற்றம் சொல்ல எதுவும் அகப்படவில்லை. செத்த குருவிகளைத் துணியில் சுற்றிப் புதைத்ததெல்லாம் அத்தான்தான்.

கடைசியில் லீவு போட்டுவிட்டுக் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்தாள். "முகத்தப் பாத்தா ஏமாந்துடுவோம்டா. கையப் பாக்கணும்" என்பது அவள் தொழில் ரகசியம். குருவிக்கு ஏது கை? அலகைப் பார்த்தாள். புது வலையில் அங்கங்கே திரண்டிருந்த பளபளப்பைக் குருவிகள் கொத்திக் கொத்தி விழுங்கிக்கொண்டிருந்தன.

அதில் ஒரு துணுக்கைச் சுரண்டி எடுத்து, அன்று செத்த குருவியோடு டாக்டரிடம் போனாள். நானும் கூடப் போனேன். அறுத்துப் பார்த்தவர், வயிற்றிலிருந்து அதே மாதிரித் துணுக்கை எடுத்துக் காட்டினார். "வலைமேல இருக்கிற துத்தநாகப் பூச்சு. இத்தனூண்டு உடம்புக்கு இது விஷம். வினிகர் ஊத்தித் தேச்சு உதுத்துடுங்க."

திரும்பும் வழியெல்லாம் நான் கெஞ்சினேன். "அத்தான் தாங்க மாட்டாருக்கா. எலின்னு சொல்லிடு." அவள் பாட்டுக்குக் கடையில் நின்று வினிகரும் இரண்டு பிரஷ்ஷும் வாங்கினாள்.

மிச்சமிருந்த குருவிகளைச் சின்னக் கூண்டுக்கு மாற்றிவிட்டு அவள் வலையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அத்தான் வந்தார். வினிகர் வாடையும் பிரஷ்ஷும் அவருக்குப் போதும். இந்த மாதிரி வலையை வெல்டிங் செய்யும்போது எழும் துத்தநாகப் புகை விஷம் என்று தன் மூக்கை மூடிக்கொள்கிறவர் அவர்.

"நானா?" என்றார்.

"ஆமா. நீங்கதான்."

அந்த நிமிஷம் அவளைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது எனக்கு. அத்தான் பின்வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவரை ஒட்டி உட்கார்ந்தாள். "எனக்காகத்தான் பண்ணீங்க. அதுவும் எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு இன்னொரு பிரஷ்ஷை அவர் மடியில் வைத்தாள். "எழுந்திரிங்க. மேல் பக்கம் எனக்கு எட்டாது."

அவர் ஸ்டூலில் ஏறித் தேய்த்தார். கண்ணைத் துடைக்கக்கூட நிறுத்தவில்லை. இருட்டுகிறவரைக்கும் அக்கா அந்த ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.