வயிற்றில் படாத தண்ணீர்

என் மூத்த மகளை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அப்போது நாங்கள் அந்தமானில் லாங் ஐலண்டில் இருந்தோம். எனக்கு மர மில்லில் வேலை. வலி எடுத்து நெடுநேரமாகியும் பிள்ளை இறங்கவில்லை. கம்பவுண்டர் படகு பிடித்து எங்களைப் போர்ட் பிளேருக்கு அனுப்பினார். அங்கே ஆபரேஷன் ஆயிற்று. தையல் பிரித்து ஊருக்குக் கிளம்பும்போது டாக்டர் என்னிடம் இந்தியில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தையல் போட்ட இடத்தின் கீழ் முனை இன்னும் ஆறவில்லை, அது காயும்வரை தண்ணீர் படக்கூடாது, சீழ் பிடித்துப் பிரிந்துகொண்டால் மறுபடியும் இங்கே வந்துதான் தைக்கவேண்டும்.

தையலை எங்கள் பக்கம் எல்லோரும் டாங்கா என்போம். அந்த டாங்கா பற்றிய நினைப்பு என்னை உட்காரவிடவில்லை.

என் மனைவியால் பாயிலிருந்து தானாக எழ முடியாது. யானைகள் மரம் இழுக்கும் கயிற்றில் பழைய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி விட்டத்தில் கட்டினேன். அதைப் பிடித்து ஒருக்களித்து எழுவாள். எழுந்தாலும் நிமிரமாட்டாள். வயிற்றைக் கையால் ஏந்திக்கொண்டு கூனியபடியே நடப்பாள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அமுக்கிக்கொள்வாள். அவளுக்குத் தும்மல் வந்துவிடுமோ என்று பயந்து நான் மிளகாய் தாளிப்பதையே விட்டேன். மெயின்லேண்டிலிருந்து அவள் அம்மா வரக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. சமையல், துணி எல்லாம் நான்தான். மில்லில் ரம்பத்தின் முன் நிற்கும்போது கால் நிலைகொள்ளாது. வீட்டுக்கு ஓடிவந்தாலும் மேலில் இருக்கும் மரத்தூள் காயத்தில் விழுமோ என்று வாசலிலேயே நின்று சட்டையை உதறுவேன்.

மில் குவார்ட்டர்ஸ் பெண்கள் வந்து பார்த்தார்கள். கயிற்றைக் கண்டதும், "பொண்டாட்டிய யானைன்னு நெனச்சுக் கட்டிப்போட்டிருக்காரு" என்று சிரித்தார்கள். அவர்களில் யாரும் ஆபரேஷன் பிரசவத்தைப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெண், "வலிக்காமலே பெத்துட்டியாமே, ராசிக்காரிதான்" என்றாள். அவர்கள் போனபின் என் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பட்ட வலியை எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"வலியும் பட்டேன், பிள்ளையும் வந்துச்சு. நடுவுல நான் மயங்கிக் கெடந்தேன். அப்ப பெத்தது யாருங்க?"



பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் ஊற்றுவது எங்கள் ஜனங்களிடம் விடாத வழக்கம். இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைப் பொறுக்கும் சூட்டில் இடுப்பிலும் வயிற்றிலும் அடித்து ஊற்றி, பழஞ்சேலையால் வயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் அதை முன்நின்று செய்பவர், பர்மாவிலிருந்து வந்த ஒரு அக்கா. அவர் மில் லீவு நாளில் வருவதாகச் சொல்லிவிட்டார். என் மனைவியும் சரி என்றுவிட்டாள். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தியபோது, "எல்லாருக்கும் செய்யிறத எனக்கும் செய்யட்டும்" என்றாள். தானும் பெற்றவள்தான் என்றாக அவளுக்கு அந்தத் தண்ணீர் வேண்டியிருந்தது என்று எனக்குப் புரிந்தது. அதனால் பயம் இன்னும் கூடியது.

அன்று வீட்டுக்குப் பின்னால் ஓலைத் தட்டி மறைப்புக்குள் அவளைப் பலகையில் உட்காரவைத்தார்கள். வெளியே மஞ்சணத்தி இலை மிதக்க அண்டா கொதித்தது. பெண்களிடம் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. அண்டாவைப் பார்த்தபடியே, தண்ணீர் வேண்டாம், டாக்டர் சாப் சொல்லியிருக்கிறார் என்றேன்.

"டாக்டர் சாப் எத்தனை பெத்தாராம், தம்பி?" என்றார் அந்த அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். உள்ளிருந்து என் மனைவியும், "விடுங்க, ஊத்தட்டும்" என்றாள்.

நான் மறைப்பின் வழியை விட்டு நகரவில்லை.

"அக்கா, ஒரு தடவை அவ வயித்தைப் பாத்துருங்க. பாத்துட்டு ஊத்தலாம்னா ஊத்துங்க."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார். செம்பைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. வெளியே நான் ஓலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே நடந்ததைப் பிறகு மனைவி சொன்னாள். தொப்புளுக்குக் கீழே இறங்கும் அந்தத் தையல் கோட்டை அக்கா குனிந்து பார்த்தாராம். கீழ் முனை மட்டும் சிவந்து கசிந்திருந்தது. பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "இங்க வந்து பாருடி. இவளையா வலிக்காம பெத்தவன்னு சொன்ன?" என்று கேட்டார். அது எனக்கும் வெளியே கேட்டது.

காய்ந்த சேலையை மடித்து வயிற்றில் வைத்து, தன் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு என் கைதான் கட்டு. முதுகுக்கும் காலுக்கும் மட்டும் ஊத்துங்க" என்றார். ஊற்றி முடியும்வரை கையை எடுக்கவில்லை. வெளியே வந்தபோது அது வெந்நீர் பட்டு முழங்கைவரை சிவந்திருந்தது. உள்ளே பக்கத்து வீட்டுப் பெண் ஏதோ சொல்ல, "சிரிக்க வைக்காதீங்க, டாங்கா இழுக்குது" என்று என் மனைவி சொல்வது கேட்டது. ஊர் திரும்பியபின் அவள் குரலில் சிரிப்பு வந்தது அப்போதுதான்.

ஆனாலும் எனக்கு நிம்மதி வரவில்லை. சேலை ஓரத்தில் ஈரம் ஏறியிருக்குமோ, சொட்டுத் தண்ணீர் உள்ளே போயிருக்குமோ என்று மில்லில் அந்த வாரமெல்லாம் அதே நினைப்பு. சாப்பாட்டு நேரத்தில் வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். வயிற்றைக் காட்டச் சொல்லிக் கேட்கக் கூச்சம். அதுவரை மருந்துத் துணி மாற்றும்போதுகூடப் பாதிக் கண்ணால்தான் பார்த்திருந்தேன்.

ஒருநாள் அவளே துணியை விலக்கினாள். துணி ஒட்டாமல், கறையில்லாமல் வந்தது.

"காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கு."

"சும்மா சொல்லாதீங்க. நல்லாப் பாருங்க."

கதவை அகலத் திறந்து வெளிச்சம் விழ விட்டு, மறுபடியும் குனிந்து பார்த்தேன்.