முப்பத்தாறு படங்களும் ஒரு ரிப் உறையும்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரு கேமரா இருந்தது. பழைய ரேஞ்ச்ஃபைண்டர். நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். மற்ற இருவரில் ஒருவர் எங்கள் கட்டிங் மாஸ்டர், இன்னொருவர் சாயப்பட்டறை மாஸ்டர். மாதத்துக்கு ஒருவர் முறை. மலை, அணை, வயல் என்று ஊர் ஊராகப் போய் ஒரு சுருள் எடுத்து வர வேண்டும். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் கூடி மூவரும் பார்ப்போம். துணியில் ஓட்டை பார்க்க அங்கே கண்ணாடி மேஜை உண்டு. அடியில் டியூப்லைட் எரியும். நெகட்டிவ் பார்க்க அதைவிடத் தோதான இடம் கிடையாது.

விதிகளை நான்தான் எழுதினேன். ஸ்டுடியோவில் கழுவி வாங்கிய சுருளை மூவரும் கூடும்வரை பிரிக்கக் கூடாது. முப்பத்தாறில் பத்துப் படமாவது தேற வேண்டும். தேறாவிட்டால் அவருக்கு அடுத்த முறை கிடையாது. சரக்குக்கு உள்ள சட்டம்தான் படத்துக்கும்.

அந்த வருடம் ஆடி என் முறை. அடுத்து எனக்கு ஐப்பசியில் வரும். தீபாவளிக்குக் கம்பெனி ஒரு வாரம் மூடும்போது மனைவியைக் கன்னியாகுமரிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். அவள் கடலைப் பார்த்ததில்லை. கேமராவோடு போக வேண்டும் என்பது என் ஆசை. அதனால் ஆடிச் சுருளில் பத்துத் தேறியே ஆக வேண்டும்.

நானும் மனைவியும் உடுமலைப்பேட்டைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து அமராவதி அணைக்குப் போனோம். ஆடிக் காற்றில் லென்ஸில் தூசி விழும் என்று கட்டிங் மாஸ்டர் புதிதாக ஓர் உறை தைத்துக் கொடுத்திருந்தார். பனியன் கழுத்துக்கு வைக்கும் கறுப்பு ரிப் துணி. லென்ஸின் முகப்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டது.

நோட்டின் முதல் பக்கத்தில் படம் எடுக்கும் முறையை ஏழு படிகளாக எழுதி வைத்திருந்தேன். ஏழும் முடிந்த பிறகே விசையைத் தொடுவேன். ஒவ்வொரு படத்துக்கும் நேரம், இடம், வெளிச்சம், கேமராவில் வைத்த அளவு எல்லாம் குறித்துக்கொள்வேன். இதற்கு அமைதி வேண்டும். அதனால் அணைமேல் ஏறியதுமே மனைவியிடம், படம் பிடிக்கும்போது பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவளும் சாயங்காலம்வரை பேசவில்லை.

ஆவணி முதல் ஞாயிறு. தானும் போயிருந்த ஊர் என்பதால் மனைவியும் பார்க்க வந்தாள். மேஜை விளக்கைப் போட்டு, சுருளைப் பிரித்து விரித்தேன். ஒரு படமும் விழவில்லை, ஒரு கோடுகூட இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கண்ணாடி மாதிரி இருந்தது.

சாயப்பட்டறை மாஸ்டர் குனிந்து பார்த்தார். "ப்ளீச்சிங் சூப்பருங்க. எங்க பட்டறையில ஒரு நாளும் இப்படி வந்ததில்லீங்க."

"ஓட்டை, கறை ஒண்ணுமில்லீங்க. செக்கிங்ல பாஸு" என்றார் கட்டிங் மாஸ்டர்.

நான் நோட்டைத் திறந்தேன். ஏழு படிகளையும் வரிசையாகப் படித்துக் காட்டினேன். எதையும் விடவில்லை. ஸ்டுடியோக்காரர் மருந்தை மாற்றிவிட்டாரோ என்றேன்.

மனைவி மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, அந்தக் கறுப்புத் துணியக் கழட்டாமயே புடிச்சீங்களே, அதனால இருக்குமுங்களா?"

இந்தக் கேமராவில் லென்ஸ் ஓரிடம், நாம் பார்க்கும் ஜன்னல் வேறிடம். லென்ஸை மூடியிருந்தாலும் ஜன்னலில் மலை பளிச்சென்று தெரியும். உறை புதிது. என் ஏழு படிகள் பழையவை.

"பார்த்துட்டே இருந்தியா? அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"படம் புடிக்கையில பேசக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

கட்டிங் மாஸ்டருக்கு ஒரே பூரிப்பு. "முப்பத்தாறு படத்துக்கும் நழுவலைங்களா? ரிப்புன்னா இதுதாங்க ரிப்பு!"

சாயப்பட்டறை மாஸ்டர் கொஞ்சம் இரங்கினார். "நோட்டுல இருக்கறதப் படியுங்க. காதுலயாச்சும் பாத்துக்கறோம்."

படித்தேன். "ஏழாவது படம். காலை எட்டு மணி பத்து நிமிடம். நீரில் மலையின் நிழல்."

"அதுக்கு முன்னால ஒரு எருமை வந்து நின்னுச்சுங்ண்ணா" என்றாள் மனைவி. "அது போகட்டும்னு இவிக அரை மணி நேரம் வெயில்ல நின்னாங்க. கடைசீல எருமை இவிகளையே பாக்க ஆரம்பிச்சிருச்சு."

இப்படியே முப்பத்தாறும் ஓடின. நான் சொன்னதற்கு இருவரும் தலையாட்டினார்கள். அவள் சொன்னதற்குச் சிரித்தார்கள். முடிந்ததும், பன்னிரண்டு தேறியதாக வைத்துக்கொள்ளலாம் என்றார் கட்டிங் மாஸ்டர்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. பார்க்க முடியாததைத் தேறியது என்று எழுத என் கை வராது. எனக்கு ஐப்பசி முறை இல்லை என்று நானே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப ஐப்பசி யாருக்குங்க?" என்றார் சாயப்பட்டறை மாஸ்டர்.

"வரிசைப்படி உங்களுக்குத்தான்."

"எனக்குத்தானுங்களே? அப்ப நான் அம்மிணிக்குக் குடுக்கறேன். அப்படிக் குடுக்கக் கூடாதுன்னு உங்க சட்டத்துல இருக்குதுங்களா, பாருங்க."

இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன். இல்லை.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்ண்ணா" என்றாள் மனைவி.

"துணியக் கழட்டோணும்னு தெரியுமில்ல? அது போதும் அம்மிணி."

ஜன்னலின் மஞ்சள் கட்டத்தில் இரண்டாகத் தெரியும் உருவத்தை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் பண்ண அவள் இரண்டு நாளில் பழகிக்கொண்டாள். தீபாவளிக்குக் கன்னியாகுமரி போனோம். கடலைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் கேமராவையே மறந்து நின்றாள். பிறகு என்னைக் கரையில் நிறுத்தினாள். ஆளில்லாத படத்துக்கு ஃபிலிமை வீணாக்குவானேன் என்பது அவள் கட்சி. இடப்பக்கம் நகர்ந்தால் பாறையும் வரும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"படம் புடிக்கையில பேசக் கூடாதுங்க."

கார்த்திகை முதல் ஞாயிறு மேஜையில் எண்ணினோம். இருபத்திரண்டு தேறின. பின்னால் கடல், முன்னால் நான். ஒன்றிலும் நான் சிரிக்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. இருபத்திரண்டிலும் என் பார்வை நேராக லென்ஸின் மேல்தான் இருக்கிறது. உறையைக் கழற்றியிருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.